டிகோடரைக் குறை சொல்ல முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கண்காட்சியில் உயர்தர வகுப்புப் பொடியன்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதிரி ரயில் பாதை வைத்திருந்தார்கள். வகுப்பறையின் இரண்டு சுவர்களை ஒட்டி, மூலையில் மடிந்து, 20 அடி நீளம். ஒரு முனையில் மட்டக்களப்பு ஸ்டேசன், பிறகு ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பாலம், அதற்கப்பால் புனானைக் காடு. பாலத்தை ஈர்க்கிலும் தகரத் துண்டும் வைத்துச் செய்திருந்தார்கள். லொறியும் கோச்சியும் அந்த ஒரே பாலத்தால் போன காலத்தைக் கண்ட கிழவர்கள் அதன் முன்னால் வந்து நின்றவர்கள் நகரவேயில்லை. காலை 9 மணிக்குத் திறந்தார்கள், 10 மணிக்குள் எல்லாம் குழம்பிவிட்டது. ஒரு எஞ்சின் பாலத்தைத் தாண்டியதும் நின்றது, கையால் தள்ளினால் ஓடியது, மறுபடி நின்றது. இன்னொன்று யாரும் தொடாமலே முழு வேகத்தில் பாய்ந்து மேசையிலிருந்து கீழே விழுந்தது. பின்னேரம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டும்போது ஒரு பெரியவர் சொன்னார்: "இந்த டிஜிட்டல் சாமான் எல்லாம் எங்கட ஊர் உப்புக்காத்துக்கும் கரண்ட் வெட்டுக்கும் சரிவராது. பழைய மாதிரியே விட்டிருக்கலாம்." சுற்றி நின்றவர்களும் ஓம் என்றார்கள். பொடியன்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பேச்சு பிழை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் 30 வருடத்துக்கு மேல் ரேடியோவும் டிவியும் திருத்தியவன். மாதிரி ரயிலும் எனக்குப் பழக்கம். அந்தப் பொடியன்களில் ஒருவன் என் அக்காவின் மகன். மூன்று பெட்டிகளையும் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து இறக்கி, ஐந்து கிழமை, சனி ஞாயிறு முழுக்க, அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ட பழுதுகளில் ஒன்றே ஒன்றுதான் டிகோடரின், அதாவது எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கிற சின்னப் பலகையின் பழுது, அதுவும் பொருத்தியபோது நடந்த பிழையால் எரிந்தது. மற்றதெல்லாம் வயரில், தண்டவாளச் சேர்ப்பில், சில்லில், டிகோடருக்குள் எழுதியிருந்த ஒரு எண்ணில் இருந்தன. இவற்றைத் தமிழில் யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் கொடுங்கள்.

பழைய முறையில் தண்டவாளத்துக்கு வரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பதுதான் வேகம். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். டிஜிட்டல் முறையில், அதாவது டி.சி.சி.யில், தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 14, 15 வோல்ட் முழுதாக நிற்கிறது, ஆனால் எந்தத் தண்டவாளம் நேர், எந்தத் தண்டவாளம் மறை என்பது செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படி மாறும் நேரத்தின் நீளத்தில்தான் கட்டளை இருக்கிறது. 58 மைக்ரோசெக்கன் நின்று மாறினால் அது 1, 100 மைக்ரோசெக்கனோ அதற்கு மேலோ நின்று மாறினால் அது 0. இந்த 1களையும் 0களையும் எஞ்சினுக்குள் இருக்கிற டிகோடர் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை ஓட்டுகிறது. இந்த முறையை ஜெர்மனியின் லென்ஸ் என்ற நிறுவனம் 1980களின் கடைசியில் உருவாக்கியது, பிறகு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. அதைப் பொதுத் தரமாக எடுத்துக்கொண்டது. ஒரு கம்பனியின் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொரு கம்பனியின் எஞ்சினோடு கதைப்பது அதனால்தான்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சாப்பாடும் கட்டளையும் ஒரே இரண்டு தண்டவாளத்தால்தான் வருகின்றன. பழைய முறையில் ஒரு சேர்ப்பு மோசமென்றால் எஞ்சின் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போய்விடும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. டிஜிட்டலில் அந்த ஒரு கணம் டிகோடர் பசியில் மயங்கி மறுபடி விழிக்க வேண்டும், அல்லது வந்த கட்டளை பாதியில் அறுந்து போகும். ஆகவே பழைய முறை மூடி மறைத்த பழுதை டிஜிட்டல் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

முதலில் பாலத்துக்கு அப்பால் நிற்கும் எஞ்சின். பொடியன்கள் அதற்கு இரண்டு தடவை டிகோடர் மாற்றிவிட்டார்கள், இரண்டும் வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கையில் வந்தவை. "பாதையைச் சோதிச்சிட்டம் மாமா, எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்தான் காட்டுது" என்றான் மருமகன். காட்டத்தான் செய்யும். மல்டிமீட்டர் கரண்டே இழுப்பதில்லை என்று சொல்லலாம், கரண்ட் ஓடாவிட்டால் எவ்வளவு மெல்லிய வயரிலும் வோல்ட் இறங்காது. சாதாரண தரத்தில் படிக்கிற ஓமின் விதிதான். அத்தோடு, கடையில் வாங்குகிற சாதாரண மீட்டரின் ஏ.சி. பக்கம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலைக்குச் செய்தது, டி.சி.சி.யின் வேகத்துக்கு அது சரியான அளவைக் காட்டாது. நான் பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய நாலு டையோடை ஏ.சி.யை டி.சி.யாக்குகிற பாலமாக ஈயம் வைத்து, தண்டவாளத்தில் இருந்து அதற்குக் கொடுத்து, மறுபக்கம் டி.சி.யில் அளந்தேன், டையோடு எடுத்துக்கொள்ளும் ஒன்றேகால் வோல்ட்டைக் கூட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். பிறகு காரின் பிரேக் லைட்டுக்குப் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு முதலைக் கிளிப்பில் பிடித்து அதே இடத்தில் தண்டவாளத்தில் கொளுவினேன். மட்டக்களப்பு ஸ்டேசனில் பல்பு வெள்ளையாக எரிந்தது, 14 வோல்ட்டுக்கு மேல். புனானையில் செம்மஞ்சளாக, நூர்ந்து போகிற குப்பி விளக்கு மாதிரி நின்றது. மீட்டரில் 9 வோல்ட். பொடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒருவரும் கதைக்கவில்லை.

மேசையைப் புரட்டிப் பார்த்தோம். பாலத்துக்கு அப்பாலுள்ள பாதை தனித் துண்டாக வெட்டியிருந்தது, அதற்குக் கரண்ட் கொண்டுபோனது தொலைபேசிக்கு இழுக்கிற அரை மில்லிமீட்டர் வயர், 6 மீட்டர் நீளத்துக்கு. போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர். செம்பின் தடையைக் கொண்டு கணக்குப் பார்த்தால் அது மட்டும் ஒரு ஓம். பல்பு இழுத்த ஒன்றரை அம்பியருக்கு ஒன்றரை வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. மிச்சம் நாலு வோல்ட் எங்கே போனது? தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கிற சின்னப் பிஷ்பிளேட்டுகளில். ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், உள்ளே பச்சை பிடித்து, விளிம்பில் தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி ஒரு படை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் இரண்டு மாரி கண்ட சாமான் அது. எஞ்சின் தனியாகப் போனால் கரண்ட் குறைவு, தாண்டிவிடும். விளக்கெரிகிற பெட்டிகளோடு இரண்டு எஞ்சின் சேர்ந்து போனால் தாண்டாது. சேர்ப்பின் தடை வேறு ஒரே அளவில் நிற்பதில்லை, சில்லு ஏறி அமுக்கும்போது கூடும் குறையும். அதனால்தான் ஒருநாள் ஓடுவதும் ஒருநாள் நிற்பதும், அதைப் பார்த்துவிட்டு டிகோடருக்குப் பைத்தியம் என்பதும்.

இதில் பயப்பட வேண்டிய ஒன்றும் இருந்தது. ஒரு பத்து ரூபாய் குத்தியைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தால், தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பூஸ்டர் என்ற பெட்டி ஷோர்ட் என்று கண்டு உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பில் வைத்தேன், டிக் என்று நின்றது. புனானையில் வைத்தேன், நிற்கவில்லை. 5 அம்பியர் பூஸ்டர் அது. வழியில் மூன்றரை ஓமுக்கு மேல் தடை இருந்தால் ஷோர்ட்டே ஆனாலும் 4 அம்பியர் அளவுதான் ஓடும், பூஸ்டருக்கு அது ஏதோ நிறைய எஞ்சின் ஓடுவது மாதிரித்தான் படும். அந்த 4 அம்பியரும் 50 வாட்டுக்கு மேல் சூடாகி அந்த மெல்லிய வயரிலும் பிஷ்பிளேட்டிலும் இறங்கும். உடனே குத்தியை எடுத்துவிட்டேன், அதற்குள் விரல் வைக்க முடியாத சூடு. ஒரு எஞ்சின் அந்த இடத்தில் தடம் புரண்டு கிடந்து யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டை உருகி, கீழே இருந்த ரெஜிபோம் மலையும் பற்றியிருக்கும். பிள்ளைகள் நின்று பார்க்கிற கண்காட்சியில். மாதிரி ரயில் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்தக் குத்திச் சோதனையை ஒவ்வொரு துண்டிலும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

திருத்தம் எளிது. ஹாட்வெயார் கடையில் வீட்டு வயரிங்குக்குக் கிடைக்கிற இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் வாங்கி மேசைக்கு அடியில் முனையிலிருந்து முனைக்கு ஓட்டினோம். அதே 12 மீட்டருக்கு இதன் தடை ஒரு ஓமில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு குட்டி வயர், ஈயம் வைத்து. பிஷ்பிளேட்டைக் கரண்ட் கடத்த நம்பக்கூடாது, தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ள மட்டும் அது இருக்கட்டும். ஈயம் வைக்கும்போது தண்டவாளத்தைக் கத்தியால் பளபளப்பாகச் சுரண்டி, இரும்பை நன்றாகச் சூடாக்கி இரண்டு செக்கனில் வேலையை முடிக்க வேண்டும், மெதுவாகச் செய்தால் சிலிப்பர் கட்டை உருகும். பொடியன்கள் மூன்று கட்டை உருக்கிய பிறகு கை பழகிவிட்டார்கள். இப்போது புனானையில் பல்பு கொளுவினால் 14 வோல்ட்.

அடுத்தது தானாகப் பாய்ந்த எஞ்சின். கண்காட்சியில் சின்னப் பிள்ளைகள் அதற்குப் பேய் பிடித்தது என்று சொன்னார்கள், சில பெரியவர்களும்தான். எப்போது பாய்கிறது என்று மருமகனை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொன்னேன். நாலு நாளில் விடை வந்துவிட்டது, கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு தடவையும், ஷோர்ட் ஆகி விடுபடுகிற சில தடவையும். டிகோடர்கள் பெரும்பாலும் பழைய டி.சி. பாதையிலும் ஓடுகிற மாதிரியே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. தண்டவாளத்தில் வோல்ட் இருக்கிறது, ஆனால் டிஜிட்டல் கட்டளை ஒன்றும் வரவில்லை என்றால் அது, சரி, நான் பழைய முறைப் பாதையில் நிற்கிறேன் போல என்று எடுத்துக்கொண்டு இருக்கிற 14 வோல்ட்டையும் மோட்டாருக்குக் கொடுத்துவிடும். கரண்ட் வந்து கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்துக்கொள்கிற அந்தக் கணத்தில் நடப்பது இதுதான். பேயும் இல்லை, பழுதும் இல்லை, யாரும் நிறுத்திவைக்காத ஒரு வசதி.

நிறுத்துவதற்கு ஒரு எண்ணை மாற்றினால் போதும். டிகோடருக்குள் சி.வி. என்று எண் போட்ட சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு எண் எழுதலாம். சி.வி. 29தான் எல்லாவற்றுக்கும் மூத்தது, அதில் இருக்கிற எண் பல சுவிட்சுகளின் கூட்டுத்தொகை. திசையை மாற்ற 1, 28 படி வேகத்துக்கு 2, டி.சி. பாதையிலும் ஓட 4, நீண்ட முகவரிக்கு, அதாவது எஞ்சினைக் கூப்பிடுகிற பெரிய எண்ணுக்கு, 32. வழக்கமாக 6 என்று வரும், அதாவது 2உம் 4உம். 4ஐக் கழித்து 2 என்று எழுதினோம். அவ்வளவுதான், அதற்குப் பிறகு மின்வெட்டு எத்தனை தடவை வந்தும் அந்த எஞ்சின் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. 1உம் 0உம் மட்டும் கொண்ட துவித எண் முறையைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதிய பிள்ளைகள், ஒரு 4ஐக் கழித்ததும் முன்னால் நிற்கிற எஞ்சினின் குணம் மாறியதைக் கண்டார்கள். அந்தப் பின்னேரம் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கக்கூட எழும்பவில்லை.

அதே சி.வி. 29 இன்னொரு கூத்தும் செய்தது. பொடியன்கள் ஒரு அமெரிக்க மாதிரியை எடுத்து நிறம் பூசி எங்கள் எம்2 எஞ்சினாக்கியிருந்தார்கள், 1954இல் கனடா கொழும்புத் திட்டத்தில் தந்தவற்றில் ஒன்றான 570, ஆல்பர்ட்டா. (தண்டவாளம் மட்டும் பொருந்தாது. எங்கள் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், இந்த மாதிரிகளின் அளவான 87இல் ஒரு பங்குக்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும், கடையில் கிடைப்பது பதினாறரைதான். பார்க்க எனக்கு மனம் உறுத்தும், ஆனாலும் வேறு வழியில்லை.) அந்த எஞ்சினுக்கு 570 என்றே முகவரி கொடுத்தார்கள், அது 570க்கு அசையவில்லை, பெட்டியிலிருந்து வந்த புது எஞ்சினை 3ஆம் எண்ணில் கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடின. சி.வி. 1இல் 127க்கு மேல் முகவரி எழுத முடியாது. பெரிய எண்ணுக்கு சி.வி. 17உம் 18உம், 570 என்றால் 194உம் 58உம், அவை சரியாகவே இருந்தன. ஆனால் 29இல் 32ஐக் கூட்டவில்லை என்றால் டிகோடர் அந்த இரண்டையும் திரும்பியும் பார்க்காது, பழையபடி 3 என்றே இருக்கும், புது டிகோடர் எல்லாமே 3 என்றுதான் வருகின்றன. 34 என்று எழுதினோம், ஆல்பர்ட்டா தன் பெயருக்கு ஓடியது. முன் விளக்கு வேகத்தைக் கூட்டக் கூட்ட அணைந்து அணைந்து எரிகிறதா, அதுவும் இங்கேதான், கட்டுப்பாட்டுப் பெட்டி 28 படியிலும் டிகோடர் 14 படியிலும் நிற்கிறது, 2ஐக் கூட்டினால் சரி.

சி.வி. படிக்கவே முடியவில்லை, வாசிக்கப் போனால் பிழை என்றே காட்டுகிறது என்று ஒரு எஞ்சின் கிடந்தது. டிகோடர் தன் பதிலைச் சொல்வது எப்படித் தெரியுமா? அதற்கு வாய் இல்லை. 6 மில்லிசெக்கன் நேரம் குறைந்தது 60 மில்லிஅம்பியர் கரண்டைக் கூடுதலாக இழுத்துக் காட்டும், ஓம் என்று தலையாட்டுவது மாதிரி. பெரும்பாலும் மோட்டாரை ஒரு துடி துடிக்கவைத்துத்தான் அதை இழுக்கிறது. சில்லில் அழுக்கிருந்தால், மோட்டார் வயர் ஒன்று விட்டிருந்தால் அந்தத் தலையாட்டல் பெட்டிக்குத் தெரியாது. எங்களுடையதில் மோட்டார் வயரின் ஈயம் விட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வயர் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது.

ஷோர்ட் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பூஸ்டரைத் திருத்த அனுப்பவே ஆயத்தமாக இருந்தார்கள். மட்டக்களப்பு ஸ்டேசனில் கோச்சி திரும்பி வருவதற்கு ஒரு வளையம் போட்டிருந்தார்கள், போன பாதையிலேயே சுற்றித் திரும்பி வந்து சேர்கிற மாதிரி. கைவிரலால் அந்த வளையத்தைத் தொட்டுத் தொட்டுப் போய்ப் பாருங்கள், இடது தண்டவாளமே கடைசியில் வலதில் வந்து முட்டும். ஷோர்ட் ஆகாமல் என்ன செய்யும்? அங்கே இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, நடுத் துண்டின் நேர் மறையைத் தானாக மாற்றுகிற ஒரு பெட்டியைப் போட வேண்டும், அந்தத் துண்டும் ஓடுகிற கோச்சியை விட நீளமாக இருக்க வேண்டும். அதற்கு இடமும் இல்லை, பெட்டிக்குக் காசும் இல்லை. உண்மையான மட்டக்களப்பில் பாதை முடிகிறதுதானே, எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துப் பாதையால் கொண்டுபோய் மறுமுனையில் பூட்டுவோம் என்றேன். வளையத்தைக் கழற்றினோம், ஷோர்ட்டும் போயிற்று, ஸ்டேசனும் ஸ்டேசன் மாதிரி ஆயிற்று. இன்னொரு ஷோர்ட் பாதை பிரிகிற பொயின்டில், ஒரேயொரு பெட்டி போகும்போது மட்டும். அந்தப் பெட்டியின் ஒரு சோடிச் சில்லு அச்சில் கொஞ்சம் உள்ளே நழுவியிருந்தது, அதனால் சில்லின் பின்பக்கம் மற்றப் பக்கத்துத் தண்டவாள நாக்கில் உரசியது. இழுத்துச் சரியாக்க ஒரு நிமிடம், கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமை.

கண்டுபிடித்த வழி இதுதான். பாதி பாதியாகப் பிரிப்பது. மேசையின் ஒரு பாதிக்குப் போகிற வயரைக் கழற்றுங்கள். பழுது போயிற்றா, அந்தப் பாதியில் இருக்கிறது. போகவில்லையா, மற்றப் பாதியில். இருக்கிற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எஞ்சின்களுக்கும் இதேதான், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரிவந்தால் எது சரிசெய்தது என்று தெரியாது, மறுபடி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேடவேண்டும். ரேடியோவில் நான் படித்ததும் இதுதான்.

சரி, உண்மையிலேயே எரிந்த டிகோடர். பழைய எஞ்சின் ஒன்று, அதில் மோட்டாரின் ஒரு கரித்துண்டு நேராக இரும்பு உடலோடு தொட்டுக்கொண்டிருக்கும், பழைய முறைக்கு அது போதும். டிஜிட்டலில் மோட்டார் தண்டவாளத்தோடு எந்த வழியிலும் தொடக்கூடாது, நடுவில் டிகோடர் மட்டும்தான் நிற்க வேண்டும். அதைப் பார்க்காமல் பொருத்திக் கரண்ட் கொடுத்தார்கள். எஞ்சினின் மூடியைத் திறந்தபோது டிகோடரின் உறையில் பயறளவு ஒரு கொப்புளம், அதற்குக் கீழே கறுத்த ஒரு துளை, அந்த மணம் எனக்குப் பழகிய மணம். டிகோடர் பொருத்த முன் மீட்டரை ஓமில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கத்துச் சில்லுக்கும் இடையில் தொட்டுப் பாருங்கள். ஊசி அசையக்கூடாது. இந்த ஒரு நிமிடம் செய்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் காசு மிஞ்சியிருக்கும்.

அழுக்கைப் பற்றியும் கேட்பார்கள். கச்சான் காலத்தில் புழுதி, மாரியில் ஈரம், எப்போதும் உப்பு. ஐசோபுரோப்பில் அல்ககோலில் நனைத்த வெள்ளைத் துணியால் தண்டவாளத்தைத் துடைத்தால் இரண்டு கறுப்புக் கோடு வரும், கோடு வராத வரைக்கும் துடைக்க வேண்டும், எஞ்சின் சில்லுக்கும் அப்படியே. மண்தாள் போட்டு உரசாதீர்கள், அது போடுகிற கீறலுக்குள்தான் அடுத்த அழுக்கு உட்காரும். வேலை முடிந்தால் பழைய சாரம் ஒன்றால் மேசையை மூடுங்கள்.

அந்தப் பெரியவரைப் போன கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆல்பர்ட்டா ஆறு பெட்டியோடு புறப்பட்டு ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறும்போது மருமகன் வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டான். கோச்சி பாலத்தின் நடுவில் நின்றது, கரண்ட் வந்ததும் அசையாமல் அப்படியே நின்றது, அவன் சொன்ன பிறகு மெதுவாக எடுத்தது. பெரியவர் மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, இதைப் பார்க்க வந்த இன்னொருவர் கல்முனைப் பக்கத்து ஆசிரியர். அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ரயில் பார்ப்பதென்றால் மட்டக்களப்புக்குத்தான் வரவேண்டும். அவர்களுடைய பாடசாலையிலும் வெளிநாட்டிலிருந்து யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு டிஜிட்டல் மாதிரி ரயில் செட், சிப் எரிந்துவிட்டது என்று அலுமாரியில் கிடக்கிறதாம், அடுத்த தவணையில் கழிவோடு போகப்போகிறதாம். அதைக் கழிக்க வேண்டாம் என்று உங்கள் பத்திரிகை மூலம் அந்தப் பாடசாலையையும், இப்படி ஒரு செட் வைத்திருக்கும் வேறு யாரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு 21 வாட் பல்பும் ஒரு பத்து ரூபாய் குத்தியும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். பொடியன்கள் சனிக்கிழமையில் வந்து பார்த்துத்தர ஆயத்தமாக இருக்கிறார்கள், நானும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி திருத்துநர்,
கல்லடி, மட்டக்களப்பு.